நெல்லின் கையைக் கட்டிவிட்டு மருந்தடிப்பதா?

"மருந்து அடிச்சாச்சா?"

எங்கள் பக்கத்தில் சம்பாப் பருவத்தில் வரப்பில் எதிர்ப்படும் இருவர் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். நலம் விசாரிப்பு அப்புறம். பூச்சி வந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நட்டு இத்தனை நாள் ஆயிற்று, ஆகவே ஒரு டேங்க் அடிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற மாதிரி, நாள் பார்த்து நடக்கிற காரியமாகிவிட்டது மருந்தடிப்பு.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறேன். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன். பயிர் என்பது வாயில்லாத, கையில்லாத, யார் வந்து கடித்தாலும் கடிபட்டுக்கொண்டு நிற்கிற ஜீவன் என்று நம் விவசாயிகளை நம்பவைத்திருக்கிறார்கள். இது பொய். இந்தப் பொய்யை வைத்துத்தான் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது.

முதலில் நம் வீட்டு அடுக்களையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடுகை முழுசாக வாயில் போட்டால் பெரிதாகக் காரம் தெரியாது. அரைத்தால் மூக்கில் ஏறும். ஏன்? கடுகுச் செடி ஒரு சேர்மத்தை ஓர் அறையிலும், அதைப் பிளக்கிற நொதியை இன்னோர் அறையிலும் பூட்டி வைத்திருக்கிறது. புழு கடித்தால் இரண்டு அறையும் உடைந்து கலக்கும், காரநெடி பிறக்கும். கடித்த புழு வாயைத் திறந்துகொண்டு ஓடும். நாம் அதை ஊறுகாயில் போட்டு ரசிக்கிறோம்.

குருத்துச் சோளத்தைத் தின்ற மாடு வயிறு உப்பி, மூச்சுத் திணறி விழுந்த கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். "பூக்காத சோளத்தில் மாட்டை விடாதே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதுவும் இதே ஏற்பாடுதான். இளஞ்சோளத்தில் துர்ரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை மெல்லப்படும்போது அது பிளந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. மாட்டைச் சாய்க்கிற ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கிற செடியைப் பார்த்து "பாவம், ஊமை" என்கிறோம்!

இவை எப்போதும் தயாராக இருக்கும் ஆயுதங்கள். இதைவிட ஆச்சரியம், தாக்குதல் வந்த பிறகு செடி செய்துகொள்கிற ஆயுதங்கள். 1972ல் அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயான் என்ற விஞ்ஞானியும் அவர் மாணவரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தக்காளி, உருளைக்கிழங்குச் செடியின் ஓர் இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு புரதம் சேர ஆரம்பிக்கிறது. அந்தப் புரதத்தின் வேலை, பூச்சியின் வயிற்றில் உள்ள செரிமான நொதியைப் பிடித்து நிறுத்துவது. பூச்சி தின்னும், ஆனால் தின்றது சீரணமாகாது. வளர்ச்சி குன்றும்.

ஓர் இலையில் பட்ட அடி அடுத்த இலைக்கு எப்படித் தெரிகிறது? அந்தத் தூதுவனைத் தேடி ரயான் இருபது வருஷம் உழைத்தார். 1991ல் தக்காளியில் அது கிடைத்தது: பதினெட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் புரதத் துண்டு. சிஸ்டெமின் என்று பெயர் வைத்தார்கள். அது செல்லின் வாசலில் உள்ள ஏற்பியைத் தட்டினால் உள்ளே கால்சியம் பாய்கிறது. பிறகு ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் மூடிக் கிடந்த ஜீன்களைத் திறந்துவிடுகிறது. அப்புறம்தான் ஆயுதத் தொழிற்சாலை ஓட ஆரம்பிக்கும். பெயரைக் கவனித்தீர்களா? இந்த அமிலத்தின் நெருங்கிய உறவுக்காரப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது மல்லிகை இன எண்ணெயிலிருந்து. பெண்கள் தலையில் வைக்கிற பூவின் வாசனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள்தான் செடிகளுக்குப் போர் முரசு.

தக்காளி இருக்கட்டும், நம் நெல்லுக்கு வருவோம். நெல்லுக்கு எமன் புகையான். தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயலில் வட்ட வட்டமாக, தீய்ந்த மாதிரி பயிர் காயும். இந்தப் பூச்சிக்கும் நெல்லுக்கும் நடக்கிற சண்டையை மூலக்கூறு மட்டத்தில் பார்த்தால் ஒரு நாவலே எழுதலாம்.

புகையான் தன் ஊசி மூக்கைச் சாறு ஓடும் குழாயில் இறக்குகிறது. நெல் உடனே காலோஸ் என்ற பிசின் போன்ற பொருளை வைத்து அந்தக் குழாயை அடைக்கப் பார்க்கிறது. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தில் அடைப்பு நிற்கும், பூச்சி பட்டினி கிடக்கும். எதிர்ப்பு இல்லாத ரகத்தில் அந்த அடைப்பு கரைந்துவிடும், பூச்சி வயிறு முட்டக் குடிக்கும்.

எதிர்ப்பு என்பது எங்கே இருக்கிறது? 2009ல் சீனாவின் வூகான் பல்கலைக்கழகத்தார் புகையானை எதிர்க்கும் ஜீன் ஒன்றை முதல்முறையாகத் தனியே பிரித்துக் காட்டினார்கள். பிபிஎச்14 என்று அதற்குப் பெயர். அது ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. 2023ல் அதே குழு அது எப்படி வேலை செய்கிறது என்று சொன்னது. புகையானின் எச்சிலில் ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண ரகத்தில் அந்தப் புரதம் உள்ளே புகுந்து செடியின் காவலையே மயக்கிவிடும். இந்த ஜீன் உள்ள ரகத்தில் அதே எச்சில் புரதத்தைக் காவலாளி அடையாளம் கண்டு சத்தம் போடுகிறான். திருடன் கொண்டுவந்த மயக்க மருந்தே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அதைவிட அழகு, பூச்சி ஓய்ந்ததும் அந்த எச்சில் புரதத்தைச் செடி சிதைத்து, காவலைத் தளர்த்தி, மறுபடி வளர்ச்சியில் இறங்குகிறது. சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் கதிர் எப்படி வரும்? செலவுக் கணக்குத் தெரிந்த குடும்பத் தலைவன் மாதிரி நடக்கிறது நெல்.

இன்னொன்று. புகையான் தாக்கிய நெல் ஒருவித வாசனையை விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னக் குளவி ஒன்று வந்து, புகையான் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. அதாவது நெல் கூப்பிடுகிறது, காவல்காரன் வருகிறான். நாம் என்ன செய்கிறோம்? அவன் வந்து சேரும் நேரத்தில் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் அவன் மேல் விஷத்தைப் பீய்ச்சுகிறோம்.

இதுதான் என் கோபம். பயிர் தோற்பதாக நாம் சொல்லும் பல இடங்களில் அதைத் தோற்கடிப்பது நாம்தான். மூன்று விதமாக இதைச் செய்கிறோம்.

முதலாவது, யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மை விலை இதைப்போலப் பல மடங்கு, மிச்சத்தை அரசாங்கம் தருகிறது. மலிவாகக் கிடைப்பதால் அள்ளிக் கொட்டுகிறோம். மூன்று நாளில் பயிர் கறுத்து நிற்கும், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் தழைச்சத்து அதிகமானால் சாற்றில் அமினோ அமிலம் பெருகுகிறது. புகையானுக்கு அது விருந்து. அதிகமாக முட்டையிடும், அதிகக் குஞ்சு பிழைக்கும். செடியோ திசு மென்மையாகி, எதிர்ப்புப் பொருள்கள் குறைந்து, இலை அடர்ந்து, அடித்தூரில் காற்றும் வெயிலும் புகாமல் நிற்கும். கையில் கத்தி இல்லாத கொழுத்த பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுத் திருடனைத் திட்டுகிறோம்.

இரண்டாவது, மருந்து. புகையான் முட்டையை இலை உறையின் திசுவுக்குள் வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. வயலில் திரியும் வேட்டைச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சித் தின்னும் பச்சை நாவாய்ப் பூச்சியும் சாகும். பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆள் இருக்காது. போதாக்குறைக்கு, செயற்கை பைரித்ராய்டு போன்ற சில மருந்துகள் பட்டுப் பிழைத்த புகையான் முன்னைவிட அதிகமாக முட்டையிடும் என்பதும் தெரிந்த விஷயம். புகையானுக்கு இன்னின்ன மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் மறுபடி பெருகும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறது. பைரித்ராய்டு, குயினால்பாஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. போன சம்பாவில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் புகையான் என்று சொல்லி ஒரு கடையில் வாங்கிவந்த மூன்று பாட்டிலில் ஒன்று அந்த வகைதான். கடைக்காரர் பயிரையும் பார்க்கவில்லை, பூச்சியையும் பார்க்கவில்லை. "இதையும் கலந்து அடி, நல்லாக் கேக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் நோயாளியின் பர்ஸ் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரகம். விளைச்சல், உயரம், அரிசியின் நிறம் என்று மட்டும் பார்த்துப் பொறுக்கும்போது ஆயுதம் கைநழுவிப் போகிறது. மக்காச்சோளத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. வேரை வண்டுப்புழு கடித்தால் ஐரோப்பிய ரகங்கள் மண்ணுக்குள் ஒரு வாசனைப் பொருளை விட்டு, புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை அழைக்கின்றன. பெரும்பாலான வட அமெரிக்க ரகங்கள் அந்தத் திறமையை இழந்துவிட்டன என்று 2005ல் கண்டார்கள். யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. யாரும் கேட்காததால் போய்விட்டது.

இங்கே ஒரு தரப்பு உற்சாகமாகக் கைதட்டும் என்று தெரியும். "பாத்தீங்களா, பாரம்பரிய ரகம்தான் தீர்வு, பச்சைப் புரட்சிதான் பாவம்" என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அறுபதுகளில் ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். தஞ்சாவூரில் பேக்கேஜ் திட்டமும் ஆடுதுறை 27ம் வந்ததால்தான் அந்த வரிசை குறைந்தது. பழைய ரகமெல்லாம் பூச்சியைத் தாங்கும் என்பதும் உண்மையில்லை. சில தாங்கும், பல தாங்காது. எது தாங்கும் என்று பொறுமையாகச் சோதித்துக் கண்டுபிடித்தவர்கள் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள்தான். நம் திரூர் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகம் குருத்துப் பூச்சியைத் தாங்குவதில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஐ.ஆர். 20க்கு அது ஒரு பெற்றோர். ஐ.ஆர். 36ன் வம்சாவளியிலும் அது இருக்கிறது, கேரளத்துப் பட்டாம்பி ரகமும் இருக்கிறது. நம் மண்ணின் ஆயுதம் பிலிப்பைன்ஸ் போய்ப் பட்டை தீட்டப்பட்டு ஆசியா முழுக்கப் பரவியது. பழமையும் அறிவியலும் சேர்ந்தால் இப்படித்தான் நடக்கும்.

ஒரு ஜீனை மட்டும் நம்பினாலும் மோசம்தான். 1973ல் வந்த ஐ.ஆர். 26 புகையானை எதிர்த்தது. ஊரெல்லாம் அதையே நட்டார்கள். மூன்று நான்கு வருஷத்தில் அந்தக் காவலை ஏமாற்றத் தெரிந்த புகையான் பெருகிவிட்டது. ஒரே பூட்டை ஊரெல்லாம் போட்டால் திருடனுக்கு ஒரு சாவி போதும். ஆகவே பல ஜீன்களைச் சேர்த்த ரகம், ரகங்களை மாற்றி மாற்றி நடுவது, இவற்றோடு சிலந்தியையும் குளவியையும் விட்டுவைப்பது எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

"இதெல்லாம் புஸ்தகத்துக்குச் சரி சார். விளைச்சல் போனா நீங்க தருவீங்களா?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நகையை அடகு வைத்து நட்டவன் பயப்படத்தான் செய்வான். அவனை நான் குறை சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு தேசத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். இந்தோனேசியாவில் பூச்சி மருந்துக்கு அரசாங்கம் பெரும் மானியம் கொடுத்தது. அடித்தார்கள், அடித்தார்கள், எண்பதுகளின் நடுவில் புகையான் தலைவிரித்து ஆடியது. 1986ல் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை போட்டு, நெல்லில் 57 பூச்சி மருந்துகளைத் தடை செய்தார். மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1989க்குள் எடுத்தேவிட்டார்கள். விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சி எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை. சுகார்த்தோ ஒன்றும் இயற்கை விவசாயச் சாமியார் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் செய்தார்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து அடியுங்கள் என்கிறேன். தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். இதுவும் பல்கலைக்கழகம் சொன்ன கணக்குதான். காலையில் வயலில் இறங்கி, குத்தை லேசாகச் சாய்த்து, தண்ணீருக்கு மேலே உள்ள தண்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுவது, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுவது, இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து யூரியாவைப் பிரித்துப் போடுவது, இவை எதற்கும் பாட்டில் தேவையில்லை. உமியையும் வைக்கோலையும் வயலுக்கே திருப்பிக் கொடுப்பதும் அப்படித்தான். உமியில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு சிலிக்கா. நெல் அதை வேரால் உறிஞ்சி இலையிலும் தண்டிலும் கவசமாகப் பூசிக்கொள்கிறது. அந்தக் கவசத்தில் குருத்துப் பூச்சிப் புழுவின் பல் தேயும்.

இந்தப் பேச்சில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபது பேரளவில் விஷம் ஏறி இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நம் பக்கம் மருந்தடிப்பவர் யார் என்று பாருங்கள். முகத்தில் துண்டு, காலில் செருப்பு கிடையாது, காற்று எந்தப் பக்கம் என்ற கணக்கு கிடையாது, நாளுக்கு இருபது டேங்க். நிலத்துக்காரர் வரப்பில் தள்ளி நிற்பார். சாயங்காலம் அந்த ஆளுக்குத் தலை சுற்றினால் "வெயில்" என்போம்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. ஒன்று, விதை மூட்டையின் மேல் விளைச்சலைப் போடுகிற அதே பெரிய எழுத்தில், இந்த ரகம் எந்தப் பூச்சியைத் தாங்கும், எதைத் தாங்காது என்று போட வேண்டும். இரண்டு, பயிரைப் பார்க்காமல் மருந்து எழுதித் தரும் வழக்கத்தை அரசாங்கம் நிறுத்த வேண்டும். மனுஷனுக்கு டாக்டர் சீட்டு கேட்கிறோமே, வயலுக்கு வேளாண் அலுவலர் சீட்டு ஏன் கூடாது? அந்தக் காலத்தில் சைக்கிளில் வந்து வயலில் இறங்கிய கிராம சேவக்கை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மூன்று, மருந்துக் கம்பெனிகள் வயல் நாள் நடத்துகிற மாதிரி, பூச்சி எண்ணக் கற்றுத்தருகிற வயல் பள்ளிகளை ஊருக்கு ஊர் நடத்த வேண்டும்.

நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். காலையில் நடைப்பயிற்சி போகிறோமே, ரோட்டை விட்டு வரப்பில் ஏறுங்கள். பத்துக் குத்தைச் சாய்த்துப் பாருங்கள். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதி வயல்காரரிடம் கொடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டால் நன்றாகவே தெரியும். அதில் எத்தனை பாட்டில் மிச்சமாகிறது என்பதை அறுப்புக்குப் பிறகு அவரே உங்களிடம் வந்து சொல்வார்.